சகலையின் தகரக் கத்தரி

என் சகலையை வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நானேதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததற்கு வேறு யார்மேலும் பழி போட முடியாது. ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்று கத்தினால் ஊர் சிரிக்குமா சிரிக்காதா?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு மூன்று மாடியில் புது ஆபீஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் சுவர் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே அறை பிரிப்பதெல்லாம் ஜிப்சம் போர்டு. அந்தப் போர்டு தானாக நிற்காது. தரையிலும் மேல்தளத்திலும் பள்ளமாக மடித்த தகரச் சேனலை அடித்து, இரண்டுக்கும் நடுவே ஒன்றரை ஆள் உயரத்துக்குத் தகரக் கால்களை வரிசையாக நிறுத்துவோம். போர்டை அதன்மேல் முடுக்குவோம். அந்தக் கால்களுக்கு ஸ்டட் என்று பெயர், எங்கள் வாயில் ஸ்டட்டு. அதை அளவுக்கு வெட்டிக் கொடுப்பவன்தான் கேங்கில் ராஜா. அவன் வெட்டிக் கொடுக்காவிட்டால் மற்றவர்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்கள் மேஸ்திரியின் கேங்கில் அந்த ராஜா நான்.

நான் வெட்டும் அழகைச் சொல்ல வேண்டும். கட்டிங் மெஷினில் சுற்றும் வீலுக்கு மேலே பாதி வட்டமாக ஓர் இரும்பு மூடி வரும். கார்டு என்பார்கள். மெஷின் கைக்கு வந்த அன்றைக்கே அதைக் கழற்றி வீசிவிட்டேன். ஸ்டட்டைத் தரையில் போட்டு, செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு, குனிந்து ஒரே இழுப்பு. பொறி மத்தாப்பு மாதிரி வாசல்வரை பறக்கும். கீழே சிமென்ட் இறக்க வந்த லாரிக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கண்ணாடி போட மாட்டேன். வேர்வையில் மங்கிவிடுகிறது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். அதைப் போட்டால் என் முகம் தெரியாது என்பதுதான் உண்மை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். வயதில் என்னைவிட இரண்டு பெரியவன், உறவில் சின்ன மாப்பிள்ளை. எளாவூரில் மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் மூத்த மாப்பிள்ளை எனக்குத்தான் மீன் தலை வைப்பார்கள். அவன் கல்யாணம் கட்டி வந்த பிறகு தலையை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்தார்கள். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று. வெளியே சொல்ல முடிகிற காரணமா இது?

அவன் அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துக்குள் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். அந்த வேலை முடிந்து வீட்டில் இருந்தான். என் மனைவி நாஷ்டா வைக்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவாள்.

"யோவ், உன் மேஸ்திரி காதுல ஒரு வார்த்த போட்டு வையேன். தங்கச்சி ஊட்டுக்காரரு ரெண்டு மாசமா சும்மா குந்திக்கினு கீறாரு."

சரி, வரட்டும், போர்டு தூக்கட்டும் என்று நினைத்தேன். நான் வெட்டுவதை அவன் தூக்கிக்கொண்டு போகிற காட்சி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன்.

முதல் நாளே ஒரு பையோடு வந்து நின்றான். உள்ளே பழைய லுங்கித் துணியில் சுற்றிய ஒரு தகரக் கத்தரி, தோல் கையுறை, ஓர் அரம், எலாஸ்டிக் வைத்த கண்ணாடி. என் மெஷினைக் குனிந்து பார்த்தான். பத்துப் பேர் நடுவில் கேட்டான்.

"சகல, கார்டு எங்க?"

"எந்தக் கார்டு? ரேஷன் கார்டா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்த வேலையில் அவனை நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாவது வாரம் கரன்ட் போயிற்று. அப்போதெல்லாம் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் மெஷின் ஊமையாகிவிட்டது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கினேன். அவன் மிச்சம் கிடந்த பிளைவுட்டைச் சேர்த்து இடுப்புயரத்தில், நீளமாக ஒரு மேசை அடித்தான். அதன்மேல் ஸ்டட்டைப் படுக்கவைத்து கிளாம்ப் போட்டான். கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு கத்தரியை எடுத்தான். முதலில் ஸ்டட்டின் இரண்டு பக்க மடிப்பையும் நறுக், நறுக். பிறகு அதை மெல்ல முதுகுப்பக்கமாக வளைத்து, முதுகில் ஒரே நேர்கோடு. பொறி இல்லை, சத்தமும் இல்லை. வெட்டிய ஓரத்தில் அரத்தை இரண்டு தடவை ஓட்டிப் பிசிறை எடுத்தான். கழிந்த துண்டை ஒரு டிரம்மில் போட்டான். நான் போடும் துண்டுகள் விழுந்த இடத்தில் கிடக்கும். யார் காலையாவது பதம் பார்க்கும்.

இன்னொன்றும் செய்தான். மேசையின் ஒரு கோடியில் சின்ன மரக்கட்டை ஒன்றை இரண்டு ஆணி அடித்து நிறுத்தினான். ஸ்டட்டின் நுனியை அந்தக் கட்டையில் முட்டவைத்து, மறுகோடியில் உள்ள கோட்டில் வெட்டினால் போதும். டேப் பிடிக்க வேண்டாம். நூறு வெட்டினாலும் நூறும் ஒரே அளவு.

கரன்ட் வருவதற்குள் இருபத்தெட்டு வெட்டியிருந்தான். எனக்கு அது பெரிதில்லை. போர்டு முடுக்குகிறவர்கள் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"சகலைது கைய கிழிக்கலப்பா," என்றான் ஒருத்தன். என் சகலை அதற்குள் அவனுக்கும் சகலை!

நான் வெட்டியது இத்தனை நாள் கிழித்தபோது வாயைத் திறக்காமல் வேப்பிலை அரைத்துத் தடவிக்கொண்ட ஆட்கள்தான் இவர்கள். அவன் வந்த பிறகுதான் எல்லோருக்கும் உள்ளங்கை என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. அன்றிலிருந்து உயரமான ஸ்டட்டெல்லாம் மேசைக்குப் போயிற்று. கதவுக்கும் ஜன்னலுக்கும் வேண்டிய துண்டு துக்கடாக்கள் எனக்கு வந்தன.

கேட்டருகே ஒரு கரும்பலகை இருந்தது. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று பெயின்டில் எழுதி, பக்கத்தில் சாக்பீஸால் எண் போடுவார்கள். நூறைத் தொட்டால் மொத்த சைட்டுக்கும் பிரியாணி என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. மாதம் ஒருமுறை அந்தப் பலகையின் கீழே கூட்டம் கூட்டி, ஒழுங்காக வேலை செய்யும் ஓர் ஆளுக்குப் பரிசும் தருவார்கள். அந்த மாதம் கம்பெனியில் பாதுகாப்பைக் கவனிக்கும் சேஃப்டி சார் என் சகலையைக் கூப்பிட்டார். மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். கை தட்டச் சொன்னார்கள், தட்டினேன். வயிறு எரிந்தது. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நெஞ்சுவரை எரிந்தது. மோர் வாங்கிக் குடித்தும் அடங்கவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் கேரியர்தான்.

"எம்மாம் கனம்யா அது! தங்கச்சி காட்னா. மூடிய தொறந்தா டொப்புனு சத்தம் வருது."

அந்த டொப் எனக்குத் தெரியாதா? தினமும் மதியம் என் காதுக்குப் பக்கத்தில்தான் அதைத் திறப்பான். ஒவ்வோர் அடுக்காகக் கழற்றி வரிசையாக வைத்து, பூஜைக்கு உட்கார்ந்தவன் மாதிரி ஒரு நிமிஷம் பார்ப்பான். பிறகுதான் கை வைப்பான். எனக்கு மூடி உடைந்த பிளாஸ்டிக் டப்பா, ரப்பர் பேண்டு போட்டது.

அதுவரை எரிச்சல்தான். ஒருநாள் மேஸ்திரி சொன்னதைக் கேட்டபோது பயமும் சேர்ந்துகொண்டது.

"அடுத்த சைட்டு பெருசு. கட்டிங்குக்கு ஒரே ஆளுதான் வெப்பேன். சேஃப்டி சாரு யார கை காட்றாரோ அவன்தான். மிச்சவன் போர்டு தூக்கணும்."

அவன் வெட்டி நான் தூக்குவதா? ஊரெல்லாம் தெரியும், மாமியார் வீட்டுக்கும் தெரியும். மூத்த மாப்பிள்ளை சின்ன மாப்பிள்ளையிடம் எடுபிடி. மீன் தலை முழுசாக அந்தப் பக்கம் போய்விடும்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் சைட்டுக்குப் போனேன். அவன் மேசைக்குப் போய்ச் சுத்தியலால் அந்தக் கட்டையின் இரண்டு ஆணிகளையும் பிடுங்கினேன். இரண்டும் வளைந்துவிட்டன. கட்டையை உள்ளே இரண்டு விரல் அகலம் தள்ளி, என் ஆணி டப்பாவிலிருந்து வேறு இரண்டு ஆணி எடுத்து அடித்தேன். சேனலைக் கான்கிரீட்டில் அடிக்கும் கறுப்பு ஆணி. கேங்கில் அது என் டப்பாவில் மட்டும்தான் உண்டு. திருடப் போனவன் தன் செருப்பை விட்டுவிட்டு வந்த மாதிரி. அந்த அவசரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. வளைந்த இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கணக்கு எளிது. காலையில் நாற்பது ஸ்டட் வெட்டுவான். நாற்பதும் இரண்டு விரல் குட்டையாகப் போகும். சேனலில் நிற்காமல் ஆடும். மேஸ்திரி மாடி அதிரக் கத்துவான். நான் மெஷினை எடுத்து ஒரு மணி நேரத்தில் புது நாற்பதை வெட்டித் தள்ளுவேன். எத்தனை இன்பமாக இருந்தது நினைக்க!

அவன் வந்தான். கையுறை மாட்டினான், கண்ணாடி மாட்டினான். முதல் ஸ்டட்டை வெட்டினான். இரண்டாவதை எடுக்கவில்லை. முதல் ஸ்டட்டைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரிடம் நடந்தான். சேனலுக்குள் நிறுத்திப் பார்த்தான். தினமும் முதல் ஸ்டட்டை அப்படிப் பார்த்த பிறகுதான் அடுத்ததை வெட்டுவான் போலிருக்கிறது. இத்தனை நாள் அவனை முறைத்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மேசைக்குத் திரும்பி வந்தான். கட்டையைக் குனிந்து பார்த்தான். நான் சட்டென்று என் மெஷினைக் கிளப்பிவிட்டேன். அவன் இப்போது மேஸ்திரியைக் கூப்பிடுவான், இல்லை என்னைக் கூப்பிடுவான் என்று காத்திருந்தேன். அவன் சுத்தியலை எடுத்தான். நாலைந்து தட்டு தட்டினான். மறுபடியும் வெட்ட ஆரம்பித்தான். வாய்க்குள் ஏதோ பாட்டு முனகல் வேறு.

கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அந்த முனகல்தான் என்னைக் கிறுக்காக்கியது. காலில் ஸ்டட், கையில் மெஷின், கண் மட்டும் அவன்மேல். வீல் தகரத்தைக் கவ்விக்கொண்டது. ஸ்டட் காலை விட்டுத் துள்ளியது. நான் அப்போதும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கண்ணில் சூடாக ஒன்று குத்தியது.

மெஷினைப் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கப் போனேன். அதற்குள் யாரோ என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இறுக்கினார்கள்.

"தேய்க்காத! தேய்ச்சா கண்ணு பூடும்! கைய வுடு!"

அவன்தான். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. நான்கு நாள் கழித்தும் விரல் தடம் இருந்தது. யாரையோ டீ குடிக்கும் காகிதக் கப் ஒன்று கொண்டுவரச் சொன்னான். அதை என் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து, துண்டால் கட்டினான். அத்திப்பட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம்.

மேஸ்திரி ஓடிவந்தான். என் கண்ணை அவன் பார்க்கவில்லை, கேட் இருக்கும் பக்கத்தைப் பார்த்தான்.

"கேட்டுல வாய தொறக்காதீங்கடா. பலக தொண்ணூத்தி ஆறுல நிக்குது. ஊட்ல வெறகு பொளந்தப்ப பட்ச்சினு சொல்லிக்கலாம். இன்னா நைனா, செரியா?"

கேங் மொத்தமும் என்னைப் பார்த்தது. எல்லோர் முகத்திலும் பிரியாணி. நான் சரி என்று தலையாட்டினேன். அவர்களுக்காக இல்லை. விபத்து என்று என் பெயரை எழுதினால் அடுத்த சைட்டில் கட்டிங் எனக்கு இல்லை, அவனுக்கு. கண்ணில் தகரத்தை வைத்துக்கொண்டும் என் நினைப்பு அங்கேதான் இருந்தது.

"தலய ஆட்டாத சகல. உள்ள இருக்கறது ஆடும்," என்றான் அவன்.

என்னைக் கைத்தாங்கலாகக் கேட்டுக்கு நடத்திப் போனான். சேஃப்டி சார் எழுந்து வந்தார்.

"சார், சைட்டுலதான் ஆச்சு. கார்டு இல்லாத மெஷினு. கண்ணாடியும் போடல. வண்டி போடுங்க, மெட்ராசுக்குப் போவணும்."

ஒற்றைக் கண்ணால் அவனைக் கொன்றுவிட முடியும் என்றால் அங்கேயே கொன்றிருப்பேன். போட்டுக் கொடுத்துவிட்டான், எனக்கு வரவேண்டியதைத் தட்டிக்கொண்டான் என்று வழியெல்லாம் பொருமினேன். கம்பெனி வண்டியில் என் தலை ஆடாமல் அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். அதைக்கூட நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவிழியிலிருந்து ஒரு தகரச் சில்லை எடுத்தார். எள்ளில் பாதிகூட இருக்காது. "உடனே கூட்டிட்டு வந்தாங்க, பொழைச்சீங்க. நாளைக்கு வந்திருந்தா நான் எதுவும் சொல்ல முடியாது," என்றார். கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

பலகையில் தொண்ணூற்றாறை அழித்துப் பூஜ்யம் போட்டார்கள். பிரியாணி போயிற்று. கேங்கில் என்னை யாரும் திட்டவில்லை, அடிபட்டவனாயிற்றே. திட்டெல்லாம் அவனுக்கு. மேஸ்திரி அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினான். அடுத்த சைட்டுக்கு வெளியூரிலிருந்து வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று அவன் காதுபடவே சொன்னானாம். இதையெல்லாம் என்னைப் பார்க்க வந்த ஒருத்தன் சொன்னான். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. மறைப்பானேன்?

என் மனைவி எனக்குத் திருஷ்டி கழித்தாள். உப்பும் காய்ந்த மிளகாயும் கையில் பொத்தி என்னை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"எவன் கண்ணு பட்டுச்சோ, எவன் வயித்தெரிச்சலோ, அந்தக் கண்ணு அவிஞ்சி பூட!"

அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது. நெடி வரவில்லை, ஒரு தும்மல்கூட இல்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது நிச்சயம் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு.

"பாத்தியா! எம்மாம் கண்ணு பட்டுகீது உம்மேல!" என்றாள்.

அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

மூன்றாம் நாள் மனைவியின் தங்கை வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. அந்தக் கேரியரில்தான். கீழ் அடுக்கில் சோறு, நடுவில் குழம்பு. மேலடுக்கின் மூடியை நானே திறந்தேன். டொப். உள்ளே மீன் தலை, முழுசாக, பிளக்காமல்.

"தல கண்ணுக்கு நல்லதாம். அவருக்கு எட்த்து வெச்சத வாணாம்னுட்டு உனக்கு அனுப்ச்சாராம்," என்றாள் மனைவி.

தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. சட்டைப் பையில் அந்த இரண்டு ஆணிகளும் அப்படியே கிடந்தன. அன்றைக்குப் போட்ட சட்டையை நான் துவைக்கவே கொடுக்கவில்லை.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. மனைவி கேரியரைக் கழுவி, கீழ் அடுக்கில் சர்க்கரை போட்டாள், நடுவில் இரண்டு வாழைப்பழம் வைத்தாள். மேலடுக்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முறுக்கு வாங்கிவருகிறேன் என்று கடைக்குப் போனாள். அவள் போனதும் எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து வளைந்த ஆணிகளை எடுத்தேன். மேலடுக்கில் போட்டு மூடினேன். முறுக்கோடு வந்தவளிடம், "நானே வெச்சிட்டேன், தொறக்காத, அவன்கிட்ட குடு," என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாள் கழித்துக் கட்டு பிரித்து வேலைக்குப் போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை. அவன் மேசையருகில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். நானும் போய் நின்றேன். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கட்டையைப் பார்த்தேன்.

கட்டை பழைய இடத்தில் இருந்தது. அதில் நாலு ஆணி. இரண்டு என்னுடைய கறுப்பு ஆணிகள். எனக்கு அடிபட்ட அன்றைக்குக் காலையிலேயே கட்டையைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, என் ஆணிகளையே திருப்பி அடித்திருக்கிறான். யாருடையவை என்று தெரிந்துதான் என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். தெரிந்துதான் என் தலையைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸ்வரை வந்திருக்கிறான். மற்ற இரண்டும் நான் கேரியரில் போட்டு அனுப்பியவை.

"இனிமே இத்த நகத்தணும்னா நாலு ஆணி புடுங்கணும் சகல. பேஜாரு," என்றான். சிரிக்கவில்லை. அவனுடைய கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினான். அவனுக்கு வேறு ஒன்று பையில் இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் அந்த ஆணிகளைப் பார்த்தேன். நான் பிடுங்கி வளைத்த இரண்டையும் தட்டி நிமிர்த்தி அடித்திருந்தான். வளைந்த தடமே இல்லை. என்னால் அப்படி நிமிர்த்த முடியாது. நெஞ்சுவரை எரிந்தது. ஸ்டட்டின் மறுநுனியைப் பிடித்துக் கட்டையில் முட்டவைத்தேன்.